ஐ5-4590, 750 டிஐ உள்ள பழைய பிசி: எந்தக் கார்டு வரை போகலாம்?

பழையபிசி:

வணக்கம். 2014 கடைசியில் கட்டிய பெட்டி. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை மொத்தத்தையும் ஓரங்கட்ட வேண்டுமா என்று முடிவு செய்ய முடியவில்லை. உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

சிபியு: இன்டெல் ஐ5-4590, பெட்டியோடு வந்த கூலர்
மதர்போர்டு: பி85, மைக்ரோ ஏடிஎக்ஸ், ரேம் ஸ்லாட் நான்கு
ரேம்: டிடிஆர்3 1600, 8 ஜிபி ஒரே ஸ்டிக்
கார்டு: ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி, தனி பவர் கேபிள் இல்லாதது
எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை): 450 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ், முதலில் போட்டதே. கார்டுக்கான கேபிள் ஒரே ஒரு 6-பின்
ஹார்ட் டிஸ்க் 1 டிபி, எஸ்எஸ்டி கிடையாது
மானிட்டர்: 1080பி, 60 ஹெர்ட்ஸ், பின்னால் விஜிஏவும் டிவிஐயும் மட்டும்
யுபிஎஸ்: 600 விஏ
விண்டோஸ் 10

ஆடுவது ஜிடிஏ 5, வாலரண்ட், எல்டன் ரிங். சைபர்பங்க் 2077 ஓடினால் நல்லது. எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6600, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 580 என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டும் பரவாயில்லை. எது சரி?


ஓம்விதி:

கார்டின் பெயரை அப்புறம் பார்க்கலாம். இந்த சிபியு எவ்வளவு தாங்கும் என்பதைக் கையில் இருக்கும் 750 டிஐயை வைத்தே அளந்துவிடலாம், செலவில்லாமல்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, திரையின் மூலையில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை சட்டகம்), ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, நான்கு கோர்களின் பயன்பாடு தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். விசிங்க்கை (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி) அணையுங்கள். ஆட்டத்தை 1280 x 720க்கு இறக்கி, நிழல், டெக்ஸ்ச்சர் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கூட்டம் நிறைந்த ஒரு தெருவில் ஐந்து நிமிடம் வண்டி ஓட்டுங்கள். ஜிபியு பயன்பாடு 90க்குக் கீழே விழுந்து கோர்கள் 100ஐத் தொட்டால், அப்போது தெரியும் எஃப்பிஎஸ்தான் உங்கள் சிபியுவின் உச்சவரம்பு. எந்தக் கார்டை மாட்டினாலும் அந்த இடத்தில் அந்த எண்ணைத் தாண்டாது. புதுக் கார்டு அதே வேகத்தை 1080பியில், உயர்ந்த தரத்தில் தரும், அவ்வளவுதான்.

ஜிபியு அப்போதும் 97, 98 என்று நின்றால் சோதனை எதையும் சொல்லவில்லை என்று பொருள். கார்டுதான் இன்னும் மூச்சு வாங்குகிறது.

தரத்தைக் குறைக்கும்போது ஒரு சங்கதி: கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் இரண்டும் சிபியு வேலை. அவற்றை மட்டும் வழக்கமாக ஆடும் அளவிலேயே விடுங்கள். குறைத்தால் உச்சவரம்பு பொய்யாக உயர்ந்து தெரியும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். 450 என்ற எண்ணை மறந்துவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று எழுதுங்கள். கார்டும் சிபியுவும் சாப்பிடுவது முழுக்க அந்த வரிசையில்தான்.


சோல்டர்சாமி:

மூணு கார்டுல ரெண்டை இப்பவே அடிச்சிடலாம் நண்பரே.

ஆர்எக்ஸ் 580: 185 வாட் கார்டு. இன்னிக்கு மார்க்கெட்ல சுத்துறதுல பாதி கிரிப்டோ மைனிங்ல அடிபட்டது. அது போக 2048 எஸ்பின்னு ஒரு வகை இருக்கு. அசல் 580ல 2304 ஷேடர் (படம் வரையுற சின்னக் கணக்கு அலகு), இதுல 2048 தான், ஆனா அட்டைப் பெட்டியில கொட்டை எழுத்துல 580ன்னே போட்டிருக்கும். டிரைவரும் இப்ப புதுக் கார்டுகளோடதுலேர்ந்து பிரிஞ்சு தனிக் கிளையில போயிடுச்சு.

ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர்: கார்டுன்னு பார்த்தா அருமை. 125 வாட், 6 ஜிபி, பிசிஐஇ (கார்டு மாட்டுற ஸ்லாட்) 3.0ல முழு 16 லேன் (டேட்டா போற பாதை). ஆனா ரே ட்ரேசிங் (ஒளி போற வழியைக் கணக்குப் போட்டு வரையுறது) ஹார்டுவேர் கிடையாது. இண்டியானா ஜோன்ஸ் கிரேட் சர்க்கிள், டூம் டார்க் ஏஜஸ் மாதிரி ஆட்டமெல்லாம் அது இல்லாத கார்டுல திறக்கவே திறக்காது. நீங்க சொன்ன நாலு ஆட்டத்துக்கு அது தேவையில்லைங்கிறது உண்மை. நல்ல விலைக்கு, பில்லோட கிடைச்சா மட்டும் பாருங்க.

ஆர்எக்ஸ் 6600: 132 வாட், 8 ஜிபி, ஒரு 8-பின். என் ஓட்டு இதுக்கு. இன்னொரு காரணமும் உண்டு. டிஎக்ஸ்12 (டைரக்ட்எக்ஸ் 12, விண்டோஸோட கிராபிக்ஸ் இடைமுகம்) ஆட்டங்கள்ல என்விடியா டிரைவர் சிபியு மேல ஏத்துற சுமை கூடுதல். புது சிபியுல அது தெரியாது. நாலு கோர், நாலு த்ரெட் ஐ5ல தெரியும்.

யாராவது ஜிடிஎக்ஸ் 1060, 1070ன்னு காட்டினா நகர்ந்துடுங்க. என்விடியாவோட மேக்ஸ்வெல் (750 டிஐ), பாஸ்கல் (1060, 1070) ரெண்டு தலைமுறைக்கும் கேம் ரெடி டிரைவர் (புது ஆட்டங்களுக்கான டிரைவர்) 2025 அக்டோபரோட நின்னுபோச்சு. இனி 2028 அக்டோபர் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். உங்க 750 டிஐயும் அதே கணக்குதான்.


பிட்மேப்:

லேன் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆர்எக்ஸ் 6600இன் தங்கப் பல் வரிசை பார்க்க 16 லேன் நீளம் இருக்கும். உள்ளே இணைப்பு 8 லேன் மட்டும். பிசிஐஇ 4.0 போர்டில் அது தாராளம். பி85இல் சிபியுவிலிருந்து வருவது 3.0, ஆகவே 8 லேனுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழியாதவரை இழப்பு மிகச் சிறியது, கண்ணுக்குத் தெரியாது. இதே கார்டை எச்81 போர்டில் மாட்டினால் கதை வேறு. எச்81 அந்த ஸ்லாட்டை 2.0க்குப் பூட்டிவிடுகிறது, வழி பாதியாகச் சுருங்கி 4 ஜிபி ஆகிவிடும். ஐ5-4590தானே என்று போர்டின் பெயரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இன்னும் மோசமானது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 லேன், 4 ஜிபி நினைவகம். நினைவகம் நிரம்பியதும் ரேமிலிருந்து இழுக்க வேண்டும், இழுக்கும் குழாயோ ஒடுக்கம். பி85இல் அதை மாட்டினால் 60இல் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம் திடீரென்று தத்தளிக்கும். வீடியோ என்கோடரும் அதில் இல்லை, ஸ்ட்ரீமிங் செய்பவர்களுக்கு அதுவும் அடி. விலை மலிவு என்று கடைக்காரர் நீட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

இன்டெல் ஆர்க் பக்கம் போகவே வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் சிபியு ஒரே நேரத்தில் எட்ட விடும் வசதி) இல்லாமல் அவை கால் நொண்டும், நான்காம் தலைமுறைப் போர்டுகளில் அது முறைப்படி கிடையாது. பயாஸைத் திருத்தி உள்ளே நுழைப்பவர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரே பிசியில் அந்த விளையாட்டு தேவையில்லை.

சோல்டர்சாமி சொல்லாமல் விட்ட ஒரு வழி: ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. 70 வாட், ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே அடங்கிவிடும், பெரும்பாலான மாடல்களில் தனிக் கேபிளே கிடையாது. வேகத்தில் 6600க்கு நன்றாகவே பின்தங்கும். ஆனால் இந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் யுபிஎஸ்ஸையும் தொடாமல் மாட்டலாம். 8 ஜிபி 3050 என்பது வேறு கார்டு, அது 130 வாட். பெயர் ஒன்றாக இருப்பதால் பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.


பழையபிசி:

நன்றி. அளந்து பார்த்தேன்.

ஜிடிஏ 5: 720பி, அடிமட்டத் தரம், நகரத்துக்குள் 85 முதல் 95. ஜிபியு 60 முதல் 65, கோர்கள் நான்கும் 98க்கு மேல்.
எல்டன் ரிங்: 60இலேயே நிற்கிறது, அதற்கு மேல் ஏறவில்லை.
சைபர்பங்க்: ஜிபியு 97இலேயே நிற்கிறது, எஃப்பிஎஸ் 30ஐச் சுற்றி.

எஸ்எம்பிஎஸ் லேபிள்: 12வி1 17 ஆம்பியர், 12வி2 17 ஆம்பியர். மொத்தம் 34, அதாவது 408 வாட். 6600க்கு இது போதும்தானே? 6-பின்னை 8-பின்னாக மாற்றும் சின்னக் கேபிள் கிடைக்கிறது.


ஓம்விதி:

17ஐயும் 17ஐயும் கூட்டக் கூடாது. அது ஒவ்வொரு கிளைக்குமான தனி வரம்பு. அதே கட்டத்துக்குக் கீழே 12 வோல்ட் இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்ச வாட் என்று இன்னொரு எண் அச்சாகியிருக்கும். 360 என்றால் 30 ஆம்பியர். அதுதான் கணக்கு.

கணக்கைப் போடுவோம். கார்டு 132. சிபியு முழுச் சுமையில் 84. போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் 45. கூட்டினால் 261 வாட். காகிதத்தில் 360க்குள் அடங்கிவிடுகிறது. 6600க்கு ஏஎம்டி பரிந்துரைப்பதும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்தான். ஆனால் உங்களுடையது பத்து வருடத்துக்கு மேல் ஓடிய சாமான். கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும், லேபிளில் உள்ள எண் அது பிறந்த நாளின் எண். கார்டு இழுப்பதும் சீராக இருக்காது. சராசரி 132 என்றாலும் நொடியின் சிறு துளியில் அதைத் தாண்டி எகிறும். தளர்ந்த எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில்தான் படக்கென்று அணையும். பலர் கார்டு கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவது இதனால்தான்.

மாற்றுக் கேபிள் விஷயம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் வரும் 6-பின்னில் 12 வோல்ட் கம்பி மூன்று இருக்கும். 8-பின்னில் கூடுதலாக இருப்பவை இரண்டும் கிரவுண்டோடு சேர்ந்தவை, அவற்றில் ஒன்று இது 8-பின் கேபிள் என்று கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின். ஆகவே புதிய, தரமான எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கேபிள் உடனே தீப்பிடித்துவிடாது. உங்கள் பெட்டியில் வேண்டாம். சாட்டா இணைப்பிலிருந்து எடுக்கும் மாற்றி எந்தப் பெட்டியிலும் வேண்டாம். சாட்டா முனையின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதில் 75 வாட், 150 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும்.

550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ், கார்டுக்கான 6+2 பின் கேபிள் இரண்டு, 12 வோல்ட் ஒற்றைக் கிளையில் 40 ஆம்பியருக்கு மேல். அப்படி ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். கார்டு செகண்ட் ஹேண்ட் ஆகலாம், எஸ்எம்பிஎஸ் ஆகக் கூடாது. அடுத்த பிசிக்கும் அது கூட வரும்.

அளவு எடுத்தது பற்றி. ஜிடிஏவில் 85க்கு மேல் சிபியு தருகிறது, உங்கள் மானிட்டர் காட்டுவது 60. கவலை இல்லை. எல்டன் ரிங் எந்தக் கணினியிலும் 60இல் பூட்டப்பட்ட ஆட்டம், ஆகவே அங்கே உச்சவரம்பு தெரியாது. சைபர்பங்க்கில் கார்டுதான் தடை, சோதனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தின் இப்போதைய குறைந்தபட்சத் தேவை ஐ7-6700, 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. மூன்றிலும் நீங்கள் கீழே. 6600 மாட்டினாலும் ஆட்டத்தில் வரும் கூட்டமான சந்தை நடுவில் நிலையான 60 வராது.


சோல்டர்சாமி:

அந்த 12 ஜிபியை எல்டன் ரிங்கும் கேக்குது. அதனால காசை இப்படிப் பிரிங்க: முதல்ல எஸ்எம்பிஎஸ், ரெண்டாவது 8 ஜிபி ரேம், மூணாவது எஸ்எஸ்டி. மிச்சத்துல கார்டு. தலைகீழா தெரியும், ஆனா 8 ஜிபி ஒத்தை ஸ்டிக்ல 6600 போட்டா பாதி கார்டு தூங்கும்.

ரேம் ஏன்னா, ஒரே ஸ்டிக்குன்னா சிங்கிள் சேனல், 1600 வேகத்துல செகண்டுக்கு 12.8 ஜிபி தான் போகும். ஜோடி போட்டா 25.6. அளவும் கூடுது, அகலமும் கூடுது. நாலு ஸ்லாட் போர்டுல ஒண்ணு விட்டு ஒண்ணு, ஒரே நிறத்துல ரெண்டு ஸ்லாட்ல போடணும். பக்கத்து பக்கத்துல போட்டா சிங்கிள் சேனலாவே ஓடும், யாரும் எச்சரிக்க மாட்டாங்க. சிபியு-இசட்ங்கிற மென்பொருள்ல மெமரி பக்கத்துல டூயல்னு வருதான்னு பாருங்க. 1.35 வோல்ட் டிடிஆர்3எல் இந்த சிபியுக்குத் தாராளமா ஒத்துக்கும்.

ஒரு கண்ணி இருக்கு. ஆன்லைன்ல ரொம்ப மலிவா 8 ஜிபி டிடிஆர்3 வரும், மூலையில சின்னதா ஏஎம்டி போர்டுக்கு மட்டும்னு இருக்கும். சும்மா போடலை. அதுல சிப் அமைப்பே வேற, இன்டெல் போர்டுல ஒண்ணு பூட் ஆகாது, இல்லைன்னா பாதி ஜிபி காட்டும். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல நேர்ல வாங்குறதா இருந்தா உங்க போர்டையே கொண்டுபோய் போட்டுப் பார்த்துட்டு வாங்குங்க.

எஸ்எஸ்டிக்கு 500 ஜிபி சாட்டா போதும். பி85ல வேகமான 6 ஜிகாபிட் போர்ட் நாலு, மெதுவான 3 ஜிகாபிட் ரெண்டு. நிறம் வேற வேறயா இருக்கும், மேனுவலைப் பார்த்து வேகமானதுல மாட்டுங்க.

பின்னால காசு சேர்ந்தா ஐ7-4790. நாலு கோர், எட்டு த்ரெட், அதே 84 வாட். 4590யும் 4790யும் ஒரே ஹாஸ்வெல் ரெஃப்ரெஷ் கூட்டம், அதனால பெரும்பாலும் பயாஸ் அப்டேட் கூட வேண்டாம். ஜியான் இ3-1231 வி3 அதைவிட மலிவா கிடைக்கும், ஆனா அதுல உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. நாளைக்கு கார்டு படுத்தா திரையே வராது, சோதிக்கவும் முடியாது.


யுபிஎஸ்காரன்:

600 விஏ யுபிஎஸ்ஸை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். வீட்டு யுபிஎஸ்ஸில் 600 விஏ என்றால் வழக்கமாக 360 வாட். ஓம்விதி போட்ட 261 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் வெளிப்பக்கக் கணக்கு. 85 சதவீதத் திறன் என்று வைத்தால் சுவரிலிருந்து 307. மானிட்டர் 25 முதல் 30. ஆக 335ஐத் தொடுகிறது. கரண்ட் இருக்கும்போது தெரியாது. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போன நொடியில் பேட்டரி அந்தச் சுமையைத் தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு, மூன்று வருடம் பழையது என்றால் பீப் அடித்துவிட்டு அப்படியே விழுந்துவிடும்.

இன்னொன்று. புதிய எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை அலையின் வடிவத்துக்கு ஏற்ப இழுக்கும் சுற்று) இருக்கும். மலிவு யுபிஎஸ் பேட்டரியில் தருவது சுவர் மின்சாரம் போல வழவழப்பாக இல்லாத படிக்கட்டு அலை. இரண்டும் சில சமயம் ஒத்துப்போகாது, பேட்டரிக்கு மாறும் அந்தக் கணத்தில் பிசி அணையும். சுமை குறைவாக இருந்தால் பிழைக்கும், அதிகமாக இருந்தால் மாட்டிக்கொள்ளும்.

செலவில்லாத வழி: ஆட்டத்தை 60 எஃப்பிஎஸ்ஸில் பூட்டுங்கள். மானிட்டரே 60தான். தேவையில்லாத சட்டகங்களை வரையாததால் கார்டு குறைவாக இழுக்கும், சத்தமும் சூடும் கூடவே குறையும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் 1000 விஏ, அல்லது பிட்மேப் சொன்ன 70 வாட் கார்டு. அதில் இதே கணக்கு 265 வாட்டுக்குள் நிற்கும்.


சின்னப்பெட்டி:

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, சிறிய பெட்டி வகை. அதே ஐ5-4590. இதில் 6600 வைக்க முடியுமா?


பிட்மேப்:

முடியாது. பாதி உயரக் கார்டு மட்டுமே உள்ளே போகும். எஸ்எம்பிஎஸ் 255 வாட், அதை மாற்றவும் வழியில்லை. போர்டுக்குப் போவது வழக்கமான 24-பின் கிடையாது, டெல்லின் சொந்த 8-பின். கார்டுக்குத் தனிக் கேபிளும் வராது. லோ ப்ரொஃபைல் வகையில் ஜிடிஎக்ஸ் 1650, 3050 6 ஜிபி, ஆர்எக்ஸ் 6400 மூன்றும் உண்டு. 6400 வெறும் 53 வாட், ஒற்றை ஸ்லாட் தடிமனிலும் கிடைக்கும், ஆனால் அதுவும் 4 லேன் கார்டு, மேலே 6500 எக்ஸ்டிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். மற்ற இரண்டும் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன். ஸ்லாட்டுக்கு எந்தப் பக்கம் இடம் இருக்கிறது, அங்கே எஸ்எம்பிஎஸ் இடிக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். பாதி உயரத் தகடு பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள், செகண்ட் ஹேண்டில் அதைத் தொலைத்திருப்பார்கள்.


பழையபிசி:

சரி, 550 வாட் எஸ்எம்பிஎஸ், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, செகண்ட் ஹேண்ட் 6600 என்று முடிவு. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? மாட்டும் வரிசை என்ன?


சோல்டர்சாமி:

வாங்கும்போது: ஓடுற பிசியில மாட்டிக் காட்டச் சொல்லுங்க. ஜிபியு-இசட்ங்கிற மென்பொருளைத் திறந்தா 6600க்கு ஷேடர் 1792, நினைவகம் 8 ஜிபி ஜிடிடிஆர்6 வரணும். அந்த எண் வேற மாதிரி இருந்தா திரும்பிப் பார்க்காம வாங்க. பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதின கார்டுன்னா ஜிபியு-இசட் பெயருக்கு முன்னாடியே போலின்னு காட்டும். (1050 டிஐன்னு சொல்லி விஜிஏ போர்ட் இருந்துச்சுன்னா சாஃப்ட்வேர் கூட வேண்டாம். பாஸ்கல் தலைமுறையில விஜிஏ வெளியீடே கிடையாது.)

அப்புறம் ஓசிசிடிங்கிற சோதனை மென்பொருள்ல விராம் (கார்டோட நினைவகம்) சோதனை, அது முடிஞ்சதும் அரை மணி நேரம் ஒரு கனமான ஆட்டம். திரையில புள்ளி, கோடு, கட்டம் எது வந்தாலும் வேண்டாம். ஃபேனைக் கையால மெதுவா சுத்திப் பாருங்க, உரசல் இருக்கக் கூடாது. பின்பக்க ஸ்க்ரூ தலை தேய்ஞ்சிருந்தா யாரோ திறந்திருக்காங்க. திறந்தது தப்பில்லை, ஏன் திறந்தீங்கன்னு கேளுங்க. பில் இருந்தா வாங்கி வைங்க. வாரண்டி சீரியல் நம்பரை வெச்சா, பில்லை வெச்சாங்கிறது பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.


ஓம்விதி:

மாட்டும் வரிசை. முதலில் இடம் அளங்கள்: பின் தகட்டின் உள்பக்கத்திலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை. மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட்களில் 240 மில்லிமீட்டர்கூடச் சில நேரம் இடிக்கும். இரண்டு ஃபேன் 6600 பல அந்த அளவுக்குள் வருகின்றன, மூன்று ஃபேன் வகை வராது. சாட்டா போர்ட்களும் யுஎஸ்பி பின்களும் கார்டுக்கு அடியில் மறைந்துபோகும் போர்டுகள் உண்டு. எஸ்எஸ்டி கேபிளைக் கார்டுக்கு முன்பே செருகிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும், பழைய 750 டிஐயோடு. மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை ஒரு சுற்று. சரியாக ஓடினால்தான் கார்டு. சேர்த்து மாற்றினால் எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகும்.

ஏஎம்டி டிரைவரை முன்பே இறக்கி வையுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் நடுவில் தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும். சேஃப் மோடில் போய் டிடியூ என்ற டிரைவர் அழிக்கும் மென்பொருள் மூலம் என்விடியா டிரைவரை அழித்துவிட்டு அணைக்கவும். எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள், மிச்சம் வடிந்துவிடும். ஸ்லாட் நுனியில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளிப் பழைய கார்டை எடுங்கள். ஸ்லாட்டில் தூசியை ஊதி, புதுக் கார்டின் பல் வரிசையை அழிரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். தாழ்ப்பாள் டிக் என்று விழும்வரை நேராக அழுத்தவும்.

8-பின்னில் கவனம். சிபியுவுக்குப் போகும் 4+4 கேபிளும் 8-பின்தான். அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். வடிவம் ஒத்துக்கொள்ளாது என்றாலும் பலமாக அழுத்தினால் நுழைந்துவிடுகிறது, அப்புறம் புகைதான். பிசிஐ-இ என்று அச்சிட்ட 6+2 மட்டும் கார்டுக்கு. மாடுலர் (கேபிள்களைக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால் பழையதன் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் வேறு.

திரை வரவில்லையென்றால் பதறாமல் இதே வரிசையில்: மானிட்டர் கேபிள் போர்டில் இருக்கிறதா, கார்டில் இருக்கிறதா. 8-பின் முழுதாக இறங்கியிருக்கிறதா. கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் டிவிஐயில் படம் வருகிறதா (உங்கள் ஐ5இல் எச்டி 4600 இருக்கிறது, அதுதான் கைவிளக்கு). வந்தால் பயாஸில் முதல் திரை வெளியீட்டை பிசிஐஇ என்று வைத்து, பயாஸையும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோங்கள். சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் ஆக விடும் பயாஸ் வசதி) அணைக்கச் சொல்லி யாராவது சொன்னால் முதலில் டிஸ்க்கைப் பிரித்த முறை எம்பிஆரா (பழையது) ஜிபிடியா (புதியது) என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் சிஎஸ்எம் போன நொடியே விண்டோஸ் திறக்காது.

எல்லாம் முடிந்ததும் ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும், அது மின்சாரச் சிக்கனம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் 8 லேன், 3.0 என்று மாற வேண்டும். 4 அல்லது 1 என்று நின்றால் கார்டு சரியாக உட்காரவில்லை.


பிட்மேப்:

விண்டோஸ் பற்றி ஒரு வரி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிந்தால் 2026 அக்டோபர் வரை ஓட்டலாம். தேவைகளைத் தாண்டி இந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 போடும் குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் வாலரண்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0வும் (பாதுகாப்புச் சிப்) செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் வசதி) இல்லாமல் திறக்காது. நீங்கள் ஆடும் ஆட்டம் அது என்பதால் இப்போதைக்கு 10இலேயே இருங்கள்.


பழையபிசி:

மானிட்டரில் விஜிஏ, டிவிஐ மட்டும்தான். 6600இல் டிவிஐ கிடையாதே?


பிட்மேப்:

எச்டிஎம்ஐ முதல் டிவிஐ-டி வரையிலான சாதாரணக் கேபிள் போதும், உள்ளே சிப் எதுவும் தேவையில்லை. 1080பி 60 ஹெர்ட்ஸ் சிங்கிள் லிங்க்கிலேயே ஓடிவிடும். விஜிஏவுக்குப் போனால்தான் உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும், எழுத்தும் மங்கும்.

மாட்டியதும் திரையைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் தெரிந்தால், டிரைவர் உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஏஎம்டி மென்பொருளில் டிஸ்ப்ளே பக்கத்தில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங்கை 0க்கு இழுங்கள். நிறம் வெளிறித் தெரிந்தால் அதே பக்கத்தில் பிக்சல் ஃபார்மட்டை ஆர்ஜிபி 4:4:4, முழு வீச்சு என்று மாற்றுங்கள்.